அண்ணரோடு நான் ஏறிய இங்கிலாந்து மலைகள்

அண்ணருக்கு ஆண்டுத் திருப்பலி வருகிறது, வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் அடிக்கிறோம், மாமி, நீங்களும் எழுதித் தாருங்கோ என்று அண்ணரின் மகள் கேட்டாள். முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அண்ணரோடு கோயில் சபையில் இருந்தவர்களும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் நல்ல தமிழில் எழுதியிருக்கிறார்கள். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். ஆனால் அண்ணரைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது. அதை நான் எழுதாமல் விட்டால் எழுத வேறு ஆள் இல்லை.

வன்னியில் சண்டை முடிந்த அந்த வைகாசி மாதத்தில், இங்கே டென்மார்க்கில் ஒவ்வொரு தமிழ் வீடும் தொலைபேசியும் கண்ணீருமாக இருந்த நேரத்தில், அண்ணர் தன் தங்கச்சியான என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்கு மலை பார்க்கப் போனார். இது உண்மை. கொப்பன்ஹேகனில் சனம் மழையில் நின்று சண்டையை நிறுத்து என்று கத்திக்கொண்டிருக்க இவர் சுற்றுலா போனார் என்று ஒரு கதை அன்று தொடங்கி இன்றுவரை இருக்கிறது. யாருக்கோ பயந்து ஓடினார் என்றும், அங்கே யாரையோ இரகசியமாகச் சந்திக்கப் போனார் என்றும் அதற்குக் கை கால் முளைத்தது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற சிலர் வாயிலும் அந்தக் கதை இருந்தது என்று எனக்குத் தெரியும். அண்ணர் அதற்குப் பதில் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் மாட்டார். ஆகவே நான் சொல்கிறேன்.

அண்ணர் யாழ்ப்பாணத்து இளவாலையில் பிறந்தவர். எங்களைப் பெற்ற ஐயா புகையிலைத் தோட்டம் செய்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணரைக் கத்தோலிக்கச் சுவாமிமாரின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிக்க விட்டார்கள். என்னை அம்மாவுக்கு உதவியாக மறித்துக்கொண்டார்கள். படித்ததை அண்ணர் பின்னேரத்தில் எனக்குச் சொல்லித் தந்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் அதிகம் கதைக்கிற ஆள் அல்லர்.

படிப்பு முடிய அவருக்குத் தபாற்கந்தோரில் தந்தி எடுக்கிற வேலை கிடைத்தது. மன்னார்ப் பக்கத்தில் ஒரு கந்தோரில் இருந்தபோது ஒரு மரணத் தந்தி வந்து, பெயர்க் குழப்பத்தில் பிழையான வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் பந்தல் போட்டாயிற்று. கோயிலில் துக்க மணியும் அடித்தாயிற்று. பின்னேரம், செத்தவர் என்று சொல்லப்பட்ட மனிதர் பஸ்ஸில் வந்து இறங்கினார். தாய் அவரைக் கண்டு சந்தோஷப்படவில்லை. பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டாள். அதன்பிறகும் அந்த மனுசி மகனை முன்போலப் பார்த்ததே இல்லையாம். ஒருதரம் அழுது முடித்த பிள்ளையை என்னண்டு திரும்பக் கொஞ்சுவது என்று கேட்டாளாம். அந்தத் தந்தியைக் கொண்டுபோனது வேறு ஒருவர். ஆனால் பிழையைச் சொல்லப் போனது அண்ணர். அவர் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

அன்று பிடித்த சந்தேகம் அண்ணரைக் கடைசிவரை விடவில்லை. யார் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"ஆர் சொன்னது? அவர் கண்ணால கண்டவரோ, இல்லாட்டி இன்னொருத்தர் சொல்லக் கேட்டவரோ?"

மச்சாள், அதாவது அண்ணரின் மனைவி, இதை வைத்து அவரைப் பகிடி பண்ணுவா. "நான் செத்தாலும் ரெண்டு பேர் வந்து கோயில்ல சத்தியம் பண்ணினாத்தான் இந்த மனுசன் அழும்" என்று விருந்தாளிகளுக்கு முன்னால் சொல்லுவா. அண்ணர் சிரிக்கமாட்டார். "ரெண்டு பேர் காணாது, இன்னும் வேணும்" என்பார்.

நாட்டுப் பிரச்சினையில் அண்ணர் டென்மார்க்குக்கு வந்து ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் குளிர் அறைக்குள் நின்று வேலை செய்தார். தந்தி எடுத்த விரல்கள் குளிரில் வீங்கி மோதிரம் கழராமல் போயின. புதிதாக வந்த எங்கள் ஆட்களை கொம்யூன என்கிற நகரசபை அலுவலகத்துக்குக் கூட்டிப்போவதும், அவர்கள் கையெழுத்து வைக்கிற ஒவ்வொரு கடதாசியையும் திருப்பித் திருப்பி வாசிப்பதும் அண்ணர்தான். அவர் வாசித்து முடிக்கும்வரை அலுவலகப் பெண்பிள்ளை பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். பிறகு என் கணவரையும் மகளையும் என்னையும் வந்து சேர வழி செய்தார். என் கணவர் இங்கே வந்து சில வருடங்களில் காலமானபின், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து அண்ணர் என் வீட்டு வாசலில் வந்து நிற்காத கிழமை இல்லை. உள்ளே வந்து இருக்கமாட்டார். "ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பார். "ஒண்டும் இல்லை அண்ணை" என்பேன். போய்விடுவார்.

எனக்கு ஒரு மகனும் இருந்தான். சின்னவன் என்று கூப்பிடுவோம். நாங்கள் வெளிக்கிட்டபோது அவன் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற வேலை பழகிக்கொண்டிருந்தான். வரமாட்டேன் என்று நின்றுவிட்டான். பிறகு கிளிநொச்சியில் தானே ஒரு கடை போட்டான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சண்டை இறுகியது. கடையை விட்டு, சனத்தோடு சனமாக இடம் மாறி மாறிப் போனான். தை மாதம் ஒருமுறை கதைத்தான். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

சித்திரை முடிந்து வைகாசி பிறந்ததும் ஒரு நாள் பின்னேரம் அண்ணர் வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல. அன்றைக்குத்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. இரண்டாவது சந்தேகம், அவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"வெளிக்கிடு தங்கச்சி. இங்கிலாந்துக்குப் போறம்."

"என்னத்துக்கு?"

"மலை பாக்க."

"மலையோ?"

"ஓம். இந்த நாட்டில எங்க மலை இருக்கு? ஒரு மேட்டுக்கு வானமலை எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். பள்ளிக்கூடத்தில இங்கிலாந்து மலையளைப் பற்றிப் படிச்சனான். சாக முதல் பாக்கவேணும்."

"இப்பவோ அண்ணை? சின்னவன் எடுத்தானெண்டால்?"

"உன்ர போனை மச்சாளிட்டக் குடு. எடுத்தால் அவ எனக்குச் சொல்லுவா. நான் உனக்குச் சொல்லுவன்."

போனைக் கொடுக்கப் போனபோது மச்சாளின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் வெட்டினேன் என்றா. வீட்டில் வெங்காய மணம் இல்லை. கொப்பன்ஹேகன் பக்கம் இஷொயில் இருக்கிற என் மகள் அன்று வீட்டுப் போனுக்கு எடுத்து, "போட்டு வாங்கோ அம்மா, நல்லது" என்று பூப்போலச் சொன்னாள். அவள் என்னோடு அப்படிக் கதைக்கிறவள் அல்ல. நான் குளிருக்குத் தொப்பி போடவில்லை என்றாலே டெனிஷில் ஏசுகிறவள். எல்லாரும் சேர்ந்து ஏதோ ஒன்றை என் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. என்ன என்று கேட்காமல் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

எஸ்பியர் துறைமுகத்தில் காரோடு கப்பல் ஏறினோம். கப்பலில் நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அண்ணருக்கு ஏதும் பெரிய வருத்தமோ. சாக முதல் என்று சொன்னாரே. அப்படியானால் மச்சாளை அல்லவா கூட்டிப்போக வேண்டும். ஆகவே அது இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதை நினைக்காமல் இருக்கச் செபமாலையை எடுத்தேன்.

அங்கே இறங்கியதும் வேறு ஒரு கஷ்டம். நாங்கள் போனது டென்மார்க் கார். அண்ணர் இடப்பக்கம் இருந்து ஓட்டினார். அந்த நாட்டிலோ வாகனம் எல்லாம் இடப்பக்கத்தால் போகின்றன. நான்தான் வீதியின் நடுப்பக்கமாக இருந்தேன். முன்னால் போகிற லொறியை முந்த வேண்டுமானால் அண்ணருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வருதோ?"

"இல்லை அண்ணை."

"நல்லாப் பாத்தனியோ?"

"பாத்தன்."

"வளைவில ஒண்டும் இல்லையோ? வடிவாப் பார்."

அவர் கேட்டு முடிக்கும்போது உண்மையாகவே ஒரு வாகனம் வந்துவிடும். இப்படியே ஒரு வைக்கோல் லொறிக்குப் பின்னால் பாதி நாடு போனோம்.

முதலில் ஏறியது ஐவிங்கோ என்ற குன்று. பெரிய உயரம் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் பாதை, இரண்டு பக்கமும் கட்டைப் புல், செம்மறிகளும் குட்டிகளும். மேலே நின்றால் வயல்கள் பச்சையும் மஞ்சளுமாகத் துண்டு துண்டாகத் தெரியும். தலைக்கு மேல் ஒரு சின்னக் குருவி இறங்காமல் ஒரே இடத்தில் நின்று பாடியது. அடுத்த குன்றின் சரிவில் சுண்ணாம்பில் ஒரு பெரிய சிங்கம் வெட்டியிருந்தார்கள். ஊரில் சிங்கக் கொடி ஏறிக்கொண்டிருந்த அந்த மாதம் சிங்கத்தைப் பார்க்கிற மனநிலை எனக்கு இல்லை. மற்றப் பக்கம் திரும்பி நின்றேன்.

அண்ணர் அந்த இடத்தின் சரித்திரத்தைச் சொன்னார். இராசா காலத்தில் எதிரியின் கப்பல் வந்தால் கரையோர மலையில் தீ மூட்டுவார்களாம். அதைக் கண்டு அடுத்த மலையில் மூட்டுவார்கள். அதைக் கண்டு அதற்கடுத்த மலையில். இப்படி நாடு முழுக்கச் செய்தி போய்விடும்.

"அப்ப ஆரேன் பிழையா மூட்டினா?" என்று கேட்டேன்.

அண்ணர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதுதான் பயம். ஒருத்தன் மூட்டினாக் காணும். மற்றவன் விசாரிக்கமாட்டான். அவனும் மூட்டுவான். பிறகு அந்த நெருப்பை ஆராலயும் நூர்க்கேலாது."

சொல்லிவிட்டு, குளிருது, நீ இதில நில் என்று என்னைக் கல்லுக்குப் பக்கத்தில் விட்டு, தள்ளிப் போய்ப் போனை எடுத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்தார். காற்று அவர் பேச்சை மற்றப் பக்கம் கொண்டுபோனது.

அதன்பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். தங்குவதற்கு அண்ணர் பார்க்கிற இடம் எல்லாம் பள்ளத்தில் இருக்கிற பண்ணை வீடுகள். அங்கே போன் வேலை செய்யாது. போன் வேலை செய்கிற இடம் மலை உச்சி மட்டும். உச்சிக்குப் போனதும் அண்ணர் முதலில் பார்ப்பது காட்சியை அல்ல, போனைத்தான். பண்ணை வீட்டில் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கினால் எழும்பி நூர்த்துவிடுவார். "மழை வருமோ எண்டு பாத்தன். வராது" என்பார். செய்தி அப்போதுதான் தொடங்கியிருக்கும். மழைக் கதை கடைசியில்தான் வரும் என்று எனக்கும் தெரியும்.

லண்டன் பக்கம் போகவே இல்லை. அங்கே எங்கள் சொந்தக்காரர் எத்தனையோ பேர். ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்து வெள்ளைக் குதிரை மலை. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் மலைச் சரிவில் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பை நிரப்பிச் செய்த குதிரை அது. பக்கத்தில் நின்றால் குதிரை தெரியாது. வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து போவதுதான் தெரியும். கீழே உச்சி தட்டையான ஒரு சின்ன மேடு இருக்கிறது. அதன் நடுவில் புல் முளைக்காமல் ஒரு வெள்ளைத் திட்டு. புனித ஜோர்ஜியார் டிராகன் என்கிற பறவைநாகத்தை வெட்டியபோது இரத்தம் சிந்திய இடமாம். அதனால்தான் இன்றுவரை புல் முளைப்பதில்லை என்று சொல்லுவார்களாம். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

கார் நிறுத்துகிற இடத்துக்குத் திரும்பி வந்தபோது எங்கள் ஆட்கள் ஒரு குடும்பம் நின்றது. அந்த மனிதர் என் சேலையைப் பார்த்தார். எங்கள் காரின் இலக்கத்தகட்டைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, நீங்கள் தமிழோ? டென்மார்க்கில இருந்து வந்தனீங்களோ?"

அண்ணர் அவரை நேரே பார்த்து, தமிழ் விளங்காது, நாங்கள் மொரிசியஸ்காரர் என்று இங்கிலீசில் சொன்னார். நான் காரின் மற்றப் பக்கம் போய் நின்றேன். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய், எங்கள் காதில் விழத் தக்கதாகவே மனைவியிடம் சொன்னார்.

"மொரிசியஸாம். மனுசியின்ர கழுத்தில கிடக்கிற சிலுவையும் சங்கிலியும் யாழ்ப்பாணத்தில அடிச்சது. அங்க சனம் சாகுது, இவர் குதிரை பாக்க வந்திட்டு ஒளிக்கிறார்."

"உங்களுக்கேன்? வாங்கோ" என்றா மனைவி.

"நான் விடமாட்டன். டென்மார்க்கில எனக்கு ஆள் இருக்கு."

கதை இங்கே வந்து சேர்ந்தது இந்த வழியால்தான்.

காருக்குள் ஏறியதும் நான் இருக்கைப் பட்டி போடவில்லை. என் வாழ்க்கையில் அண்ணரை மறித்துக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"அண்ணை, தமிழன் எண்டு சொல்ல ஏன் பயந்தனீங்கள்? சின்னவன் உயிரோட இருக்கிறானோ, இல்லையோ?"

"எனக்குத் தெரியாது."

"பொய்."

"பொய்யில்லைத் தங்கச்சி. தெரியாது. தெரிஞ்சாச் சொல்லுவன்."

பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார். இன்டர்நெட்டில் ஒரு படம் வந்திருக்கிறது. இறந்து கிடக்கிற ஒரு பெடியனின் படம். கொப்பன்ஹேகன் பக்கம் அல்பர்ட்ஸ்லுண்டில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, இது ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிற மனுசியின் மகன் என்று சொல்லியிருக்கிறார்கள். கதை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், என்னிடம் துக்கம் விசாரிக்கச் சனம் வெளிக்கிட்டுவிட்டது. அவர்கள் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதால் அதுதான் எனக்குச் செய்தி. அதற்கு முதல் அண்ணர் என்னைக் காரில் ஏற்றிவிட்டார்.

"படத்தை நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தன். எனக்கு அவன் மாதிரித் தெரியேல்ல."

"எனக்குக் காட்டுங்கோ."

"காட்டமாட்டன். இப்ப நீ பாத்தால் எந்தப் பிள்ளையைப் பாத்தாலும் உன்ர பிள்ளை எண்டுதான் சொல்லுவாய்."

வவுனியாவில் எங்கள் சொந்தக்காரச் சுவாமியார் ஒருவர், தப்பி வந்த சனத்தை வைத்திருக்கிற முகாம் முகாமாகப் போய் விசாரிக்கிறாராம். அவர் மச்சாளுக்குச் சொல்லுவார், மச்சாள் அண்ணருக்குச் சொல்லுவா. கண்ணால் கண்ட ஒருவர் கிடைக்கும்வரை நான் அழக்கூடாது. ஆட்கள் என்னை அழ வைக்கவும் கூடாது. இதுதான் மலை பார்க்க வந்த காரணம்.

நான் அதை முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுகிறாரோ என்ற சந்தேகம் இருந்தது. ஒரு நேரம் நம்புவேன். சாப்பிடும்போது அவர் கண்ணைப் பார்த்தால் நம்பமாட்டேன். ஒவ்வொரு உச்சியிலும் அவர் போனில் கதைக்கும்போது நான் அவருடைய முதுகைப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணர் கதைக்கும்போது வலக்கை ஆடும். எதிரில் இருப்பவரோடு வழக்காடுவது போல் ஆடும். "ஆர் சொன்னது" என்று கேட்கிறார் என்று அந்தக் கையிலேயே தெரியும். கை ஆடுகிறவரைக்கும் எனக்கு மூச்சு வந்தது.

வெளிக்கிட்டு மூன்று கிழமைக்கு மேலாகி, அங்கே சண்டையும் முடிந்தபிறகு, கடைசியாகப் போனது மோல்வேர்ன் மலை. அது ஒரு மலை அல்ல, வரிசை. தட்டை நிலத்தின் நடுவே, படுத்திருக்கிற மாடுகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. வழியில் காட்டுக்குள் நிலம் முழுக்க நீலப்பூ. ஓரிடத்தில் பாறையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வந்தது. குடித்தோம். உச்சிக்குப் போனால் ஒரு பக்கம் ஆறும் ஊர்களும் ஒரு பெரிய கோயிலின் கோபுரமும். மற்றப் பக்கம் நீலமாக வேறு மலைகள். அது வேறு நாடு, வேல்ஸ் என்றார் அண்ணர். உச்சியில் ஒரு கல்லுத் தூணும், அதன்மேல் வட்டமான உலோகத் தட்டும் இருந்தன. எந்தத் திசையில் எந்த மலை, எந்த ஊர் என்று அதில் கோடு கீறி எழுதியிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தன் நாயைத் தூக்கி அந்தத் தட்டில் வைத்துப் படம் எடுத்தார். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. விரலால் கோடுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணர் தள்ளிப் போய்க் கதைத்தார். வலக்கை ஆடவில்லை. பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீண்ட நேரம் கதைத்தார். கதைத்து முடிந்தபிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். பிறகு வந்து, புல்லில் காற்றுப் படாத ஒரு பள்ளம் பார்த்து, "இதில இரு தங்கச்சி, சாப்பிடுவம்" என்றார்.

பண்ணை வீட்டு மனுசி ஒவ்வொரு காலையும் பாணும் அவித்த முட்டையும் கட்டித் தருவா. அதை எடுத்து விரித்து, அண்ணருக்கு உரித்துக் கொடுப்பது நான்தான். எங்கள் வீட்டு ஆண்கள் அப்படி வளர்ந்தவர்கள். அண்ணர் ஒருவருக்கும் ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்து நான் கண்டதில்லை. அன்று அவரே பையைத் திறந்தார். முட்டையை எடுத்துக் கல்லில் தட்டி, அந்த வீங்கின விரல்களால் உரித்து, உப்புத் தொட்டு என் கையில் வைத்தார்.

"முதல்ல சாப்பிடு."

நான் எழுதுவது எங்கள் ஆட்களுக்கு விளங்கும். ஒரு தாய்க்கோ பெண்சாதிக்கோ சாவுச் செய்தி சொல்ல வேண்டுமானால் முதலில் அவள் வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் சொல்லுவோம். சொன்ன பிறகு அவள் தண்ணீரும் தொடமாட்டாள், அடுப்பும் எரியாது. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஊரில் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தேத்தண்ணி கொடுத்து, கடைசி மிடறு இறங்கும்வரை ஆட்டுக்குக் குழை இல்லை என்று வேறு கதை கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே அந்த முட்டை என் கையில் வந்தபோதே எனக்குத் தெரியும். நான் சாப்பிட்டேன். மெதுவாகச் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அண்ணர் சொல்லமாட்டார். அவர் சொல்லும்வரை எனக்கு மகன் இருக்கிறான். அண்ணர் அந்த ஆற்றின் பெயரைச் சொன்னார். அந்தக் கோபுரத்தின் வயதைச் சொன்னார். நான் தலையாட்டினேன். முட்டை முடிந்தது.

"இன்னொண்டு உரியுங்கோ அண்ணை" என்றேன். எனக்குப் பசி இல்லை.

இரண்டாவது முட்டையை அவர் ஆற்றைப் பார்த்தபடியே உரித்தார். கோது துண்டு துண்டாக வெள்ளைக்குள் போய்விட்டது. அதையும் சாப்பிட்டேன். கோது பல்லில் நெரிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, "காணும் அண்ணை. இனிச் சொல்லுங்கோ" என்றேன்.

"சின்னவன் இல்லையாம், தங்கச்சி."

"ஆர் சொன்னது?"

"ஒரு மனுசன். முகாமில இருக்கிறார். சுவாமியார் நேர கதைச்சவர்."

"கண்ணால கண்டவரோ?"

"அடக்கம் பண்ணினவர்."

அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அண்ணர்தான் தொடர்ந்து சொன்னார். அந்தப் படத்தில் இருந்தது சின்னவன் இல்லை. படம் வந்து கன நாளுக்குப் பிறகும் சின்னவன் உயிரோடு இருந்திருக்கிறான். சனத்துக்குத் தண்ணி இல்லையென்று பழைய பம்பு ஒன்றைத் திருத்தி ஓட வைத்தானாம். சண்டை முடிகிற கடைசி நாட்களில் செல் குண்டு விழுந்து போனானாம். அந்த மனிதர் அவனோடு பங்கர்க் குழிக்குள் இருந்தவர். எந்த மரத்தடி என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் அழுதேன். அண்ணர் என்னைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்தார். நாய் கொண்டுவந்த தாத்தா இறங்கிப் போகும்போது எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது ஹொல்ஸ்டெப்ரோவில் வீடு நிறையச் சனம். சமையல் நடந்தது, செபம் நடந்தது. எல்லாரும் என்னோடு அழுதார்கள். அண்ணர் வாசலில் நின்றார். அவரோடு கதைத்தவர்கள் குறைவு. வெள்ளைக் குதிரை மலைக் கதை எங்களுக்கு முதலே வந்து சேர்ந்திருந்தது. குசினிக்குள் இருந்தவர்கள் என் பின்னால் கதைத்தது எனக்குக் கேட்டது. பிள்ளை அங்க செத்துக் கிடக்க, தாயைக் கூட்டிக்கொண்டு போய் மலை காட்டினவராம். படம் வந்த அன்றே சொல்லியிருந்தால் பாவம், அந்த மனுசி அழுது ஆறியிருக்கும். பெற்றவளை ஏமாற்றிப் போட்டார். இப்படி.

பிறகு ஒருநாள், சனத்துக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அண்ணரைக் கேட்டேன்.

"படம் பிழை எண்டு சொன்னால் முதல்ல சொன்னது ஆர் எண்டு தேடுவாங்கள். பிறகு அந்த வீட்டை ஏசுவாங்கள். விடு. என்னைக் கதைக்கட்டும்."

அதன்பிறகு அண்ணர் கோயில் சபையிலிருந்து தானாக விலகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசலுக்கு வருவதை மட்டும் விடவில்லை.

கடைசி வருடங்களில் அண்ணருக்கு நெஞ்சு வருத்தம். ஆஸ்பத்திரியில் டொக்டர் படத்தைக் காட்டி இதயத்தில் அடைப்பு என்றபோது, அது தன்னுடைய படம்தானா என்று கேட்டார். டொக்டர் சிரித்து, பெயரையும் பிறந்த தேதியையும் காட்டினார். அண்ணர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி என்றார். தேவையான நேரத்தில் ஒரு மனிதன் சந்தேகத்தை விடுவதை அன்று பார்த்தேன். சுவாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். மச்சாளும் மகளும் நானும் பக்கத்தில் இருக்க, ஒரு காலைப்பொழுதில் அண்ணர் அமைதியாகப் போனார். நான் கண்ணால் கண்டேன்.

அண்ணரை அன்பாகப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி உடுப்பு மாற்றிய கொம்யூன பிள்ளைகளுக்கும் நன்றி. திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும், பாடிய பிள்ளைகளுக்கும், அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்தும் இஷொயிலிருந்தும் தூரம் பாராமல் வந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நன்றி. மொழி தெரியாத என்னோடு புல்லில் ஒரு நிமிடம் தொப்பி கழற்றி நின்ற அந்த வெள்ளைக்காரருக்கும் சொல்ல வேண்டும். அவருக்கு இந்த மலர் போய்ச் சேராது.

அண்ணரைப் பற்றி வேறு மாதிரிக் கதைத்தவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் எனக்காகக் கவலைப்பட்டுத்தான் கதைத்தார்கள். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். படம் வந்த அன்றே எனக்குச் சொல்லியிருந்தால் நான் அன்றே அழுதிருப்பேன். சின்னவன் பம்பு திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவனுக்கு ஒப்பாரி வைத்திருப்பேன். மெழுகுதிரி கொளுத்தியிருப்பேன். அவன் உயிரோடு இருந்த நாட்களில் அவனைப் பெற்றவள் அவனைச் செத்தவன் என்று நினைத்திருப்பாள். அது நடக்கவில்லை. அந்த நாட்கள் முழுக்க நான் மலைகளில் நின்று அவனுக்குச் சுகம் கேட்டுச் செபமாலை சொன்னேன். என் மகன் இருக்கும்வரைக்கும் அவனுக்கு ஒரு தாய் இருந்தாள். அதைச் செய்தவர் என் அண்ணர்.

இதை எழுதச் சொன்ன மருமகளுக்கு நன்றி.

தங்கச்சி
ஹொல்ஸ்டெப்ரோ